தள்ளினால் ஓடும் எஞ்சின்

பரணில் பல வருஷம் கிடந்த மாதிரி ரயிலை இறக்கித் தண்டவாளத்தில் வைத்து, கன்ட்ரோலர் குமிழைத் திருகினால் அநேகமாக நடப்பது இதுதான். முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருகினால் முனகும். விரலால் லேசாகத் தள்ளிவிட்டால் ஒரு முழம் ஓடி மறுபடி நின்றுவிடும். பொறுமை போய்க் குமிழை முழுக்கத் திருப்பினால் துள்ளிக் கிளம்பி, முதல் வளைவிலேயே தடம் புரளும். உடைந்தது எதுவும் இல்லை, அறுந்த கம்பி இல்லை, வருகிற மின்சாரமும் அதே 12 வோல்ட்தான். பெட்டிக்குள் வைத்த அன்றைக்கு நன்றாக ஓடிய எஞ்சின். அப்படியானால் அந்த விரல் என்ன செய்துகொடுக்கிறது?

சந்தேகத்துக்குரிய இடங்கள் மூன்று. தண்டவாளத்திலிருந்து மோட்டார் வரைக்கும் மின்சாரம் வருகிற வழி ஒன்று. மோட்டார் இரண்டாவது. மோட்டாரிலிருந்து சக்கரம் வரைக்கும் உள்ள பல்சக்கரம், அச்சு, தண்டு எல்லாம் மூன்றாவது. மூன்றில் எது கெட்டாலும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான்: ஓடாது, தள்ளினால் ஓடும். எது என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் ரிப்பேர். கழற்றுவதும் மாட்டுவதும் அதற்கு அப்புறம். ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்தவுடனே எல்லாவற்றையும் பிரித்துப் பரப்புகிறவர்களிடம் எஞ்சினைக் கொடுக்கவே கூடாது.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ட்ரை-ஆங் கம்பெனி, கென்ட் மாவட்டத்து மார்கேட் ஊரில் செய்து விற்ற 'ஜின்ட்டி'. அசல் ஜின்ட்டி, லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் யார்டுகளில் வேகன்களை இழுத்தும் தள்ளியும் காலம் கழித்த ஆறு சக்கர நீராவி எஞ்சின். 1924 முதல் 1931 வரை 422 செய்தார்கள். பொம்மை ஜின்ட்டியின் பிளாஸ்டிக் உடம்புக்குள் இருப்பது எக்ஸ்-04 என்ற மோட்டார். டப்பா போல மூடிய இன்றைய மோட்டார்களைப் போல அல்லாமல் காந்தம், சுருள், பிரஷ், ஸ்பிரிங் எல்லாம் திறந்து கிடக்கும். பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிடத் தோதான மோட்டார் கிடையாது.

இந்த எஞ்சினில் ஒரு வேடிக்கை. மோட்டார் தண்டின் நுனியில் திருகு போல் ஒரு வார்ம். அது அச்சில் உள்ள பல்சக்கரத்தைத் திருப்புகிறது. வார்ம், பல்சக்கரத்தைச் சுலபமாகத் திருப்பும். பல்சக்கரத்தால் வார்மைத் திருப்ப முடியாது. திருகின் சரிவு அவ்வளவு குறைவு என்பதால் உராய்வே அதைப் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே எஞ்சினை விரலால் தள்ளும்போது சக்கரம் உருள்வதே இல்லை. ஆறு சக்கரமும் பூட்டியபடியே தண்டவாளத்தின் மேல் வழுக்குகின்றன. விரல் மோட்டாரைச் சுற்றிவிடவில்லை. அது செய்திருக்கக்கூடியது இரண்டே காரியம். சக்கரத்தைத் தண்டவாளத்தோடு தேய்த்து, அழுக்கு இல்லாத இன்னோர் இடத்துக்கு நகர்த்தியது. அல்லது ஒரு குலுக்கு குலுக்கி, பற்களின் மேல் இருந்த இறுக்கத்தை நொடி நேரம் தளர்த்தியது. பெரும்பாலும் முதல் காரியம்தான். அதனால் விசாரணையை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு அழுத்துகிறது என்று முதலில் பார்ப்போம். அசல் ஜின்ட்டியின் எடை ஏறக்குறைய 50 டன். பொம்மையின் அளவு விகிதம் 76ல் 1. நீளம் 76 மடங்கு குறைந்தால் எடையும் 76 மடங்கு குறையும் என்று தோன்றும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை 76 மடங்கில் 76 மடங்கில் 76 மடங்கு, அதாவது நான்கு லட்சத்து நாற்பதாயிரம் மடங்கு குறைகிறது. கணக்குப்படி அசலுக்கு நேர்மையான ஒரு குட்டி ஜின்ட்டி 110 கிராமைச் சற்றே தாண்டும். ஆறு சக்கரத்துக்குப் பங்கிட்டால் தலைக்கு இருபது கிராம்கூட வராது. உலோகச் சட்டகமும் காந்தமும் மோட்டாரும் சேர்வதால் உண்மையான பொம்மை இதைவிடக் கனம்தான், என்றாலும் காகித எடை சமாச்சாரம்தான். எஞ்சின் இப்படிச் சுருங்கிவிட்டது. சுற்றி இருப்பவை சுருங்கவில்லை. தூசு அதே தூசு. எண்ணெயின் பிசுபிசுப்பு அதே பிசுபிசுப்பு. உலோகத்தின் மேல் படிகிற ஆக்ஸைடு படலம் அதே தடிமன். 50 டன் எஞ்சினின் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் காணாமல் போகிற ஒரு துகள், இருபது கிராம் சக்கரத்துக்கு ஒரு பாறை. மாதிரி ரயிலின் தொல்லைகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது.

இரண்டு உலோகங்கள் ஒன்றை ஒன்று தொடும்போது எவ்வளவு இடம் உண்மையில் தொடுகிறது? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பு நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டின் உச்சிகள் மட்டுமே எதிர்ப்பக்கத்தைத் தொடும். இது ஊகம் அல்ல. கேம்பிரிட்ஜில் பவுடன், டேபர் என்ற இருவர் 1939ல் இதை அளந்து காட்டினார்கள். தொடும் இடத்தை நேரடியாகப் பார்க்க வழியில்லை, ஏனென்றால் அது இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. அவர்கள் உலோகத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து அவற்றின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, தடையை அளந்தார்கள். தொடும் இடம் குறுகக் குறுக மின்தடை கூடும். தடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இடத்தின் அளவு கிடைக்கும். கிடைத்த விடை எல்லாரையும் திகைக்க வைத்தது. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சொற்பமான பங்குதான் உண்மையாகத் தொடுகிறது. உண்மையாகத் தொடும் இடத்தின் அளவும் துண்டின் பரப்பைப் பொறுத்து மாறவில்லை, மேலிருந்து அழுத்தும் சுமையைப் பொறுத்தே மாறியது. அகலமான சக்கரம் போட்டால் தொடர்பு கூடிவிடாது. கனமான எஞ்சின் போட்டால்தான் கூடும்.

ஆக நம் ஜின்ட்டிக்கு மின்சாரம் வருவது, இருபது முப்பது கிராம் சுமையில் உண்டாகிற சில ஊசிமுனைப் புள்ளிகள் வழியாக. அந்தப் புள்ளிகளும் உருண்டுகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு கணமும் பழைய தொடர்பு அறுந்து புதிய தொடர்பு பிறக்கிறது. அறுகிற ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி. பொறியின் சூட்டில் உலோகம் ஆக்ஸைடாகிறது, எண்ணெய் கருகுகிறது, இரண்டோடும் தூசு சேர்ந்துகொள்கிறது. தண்டவாளத்தின் மேல் பிசினும் மையுமாக இருக்கும் கறுப்பு அழுக்கின் பிறப்பு ரகசியம் அதுதான். அழுக்கு கூடினால் பொறி கூடும், பொறி கூடினால் அழுக்கு கூடும்.

இதோடு இன்னொரு சங்கடம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலிக்கு ஒரு கால் எப்போதும் லேசாகத் தூக்கிக்கொள்ளும். விறைப்பான சட்டகத்தில் ஆறு சக்கரம் என்றால், கொஞ்சம் மேடு பள்ளமான தண்டவாளத்தில் மூன்றோ நான்கோதான் எந்த நேரமும் கீழே ஊன்றி நிற்கும். ஜின்ட்டியில் வலது வரிசைச் சக்கரங்களும் இடது வரிசைச் சக்கரங்களும் மின்சுற்றின் இரு முனைகள். ஒரு வரிசை சட்டகத்தோடு நேராக இணைந்தது, மறு வரிசையிலிருந்து மெல்லிய வெண்கலத் தகடு ஒன்று தடவி மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. வரிசைக்கு ஒரு சக்கரமாவது சுத்தமான இடத்தில் ஊன்றியாக வேண்டும். இல்லாவிட்டால் நின்றுவிடும்.

பெரிய ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு தடத்தில் வண்டி நிற்கிறதா என்று சிக்னல் அறைக்குச் சொல்வது 1872ல் அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்த 'தடச் சுற்று'. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே மெல்லிய மின்னழுத்தம் இருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் அதைக் குறுக்கே இணைத்துவிட்டால் 'தடம் காலி இல்லை' என்று பொருள். பிரிட்டனில் இலகுவான சிறு ரயில்கள் வந்தபோது, துருவும் இலையுதிர்கால இலைச் சாறும் படிந்த தண்டவாளத்தில் அவற்றின் சக்கரம் சரியாகத் தொடவில்லை. தடத்தில் ரயில் இருந்தும் சுற்று 'காலி' என்று சொல்லும் அபாயம் வந்தது. அந்த ரயில்களுக்கு அடியில் படலத்தை உடைப்பதற்கென்றே தனிக் கருவி மாட்ட வேண்டியிருந்தது. பொம்மைக்கு வந்தால் கோபம் வருகிறது; அங்கே வந்தால் விசாரணைக் கமிஷன் வரும்.

சக்கரத்தைத் துடைக்கிற விதம் எளிது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் பின் சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் முன் சக்கரங்களைத் துணியின் மேலும் வைத்துப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்க வேண்டும். பின் சக்கரம் மின்சாரம் வாங்கும், முன் சக்கரம் துணியில் சுழன்று தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். துணியைத் தூக்கிப் பார்த்தால் பளிச்சென்று இரண்டு கறுப்புக் கோடுகள். அப்புறம் திருப்பி வைத்துப் பின் சக்கரங்களுக்கும் அதையே செய்ய வேண்டும். உப்புத்தாளைத் தொடவே கூடாது. அது போடுகிற ஒவ்வொரு கீறலும் அடுத்த அழுக்கு குடியேறுவதற்குக் கட்டிக்கொடுத்த வீடு.

துடைத்தும் ஓடவில்லை என்றால், குற்றவாளி மின்வழியா மோட்டாரா என்று பிரிக்க வேண்டும். இதற்கு 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் கம்பி எடுத்து நேராக மோட்டாரின் பிரஷ்களுக்குக் கொடுங்கள். சுற்றினால் மோட்டாரும் பல்சக்கரங்களும் நிரபராதிகள், வழியில்தான் கோளாறு. சுற்றாவிட்டால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வீண் வேலை. ஒரே நிமிஷத்தில் சந்தேகம் பாதியாகிவிடுகிறது.

வழியில்தான் கோளாறு என்று தெரிந்தபின் பலரும் செய்வது மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, நிற்கிற எஞ்சினின் சக்கரத்துக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவே தடை பார்ப்பது. மீட்டர் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும், எஞ்சின் ஓடாது. மீட்டர் அனுப்புகிற மின்னோட்டம் வெகு சொற்பம், அது ஓடுவதற்கு ஒரே ஒரு புள்ளி தொட்டாலும் போதும். மோட்டார் கேட்பது அதைப்போலப் பல நூறு மடங்கு. ஆகவே ஓடும்போதே அளக்க வேண்டும். தண்டவாளங்களுக்கு இடையே 12 வோல்ட் இருந்து, அதே நேரம் பிரஷ்களுக்கு இடையே 9 வோல்ட்தான் இருந்தால், மூன்று வோல்ட் வழியிலேயே சாப்பிடப்படுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முனையை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு மறு முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் திருடன் அகப்படுவான். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகளும் இதில் அடிக்கடி மாட்டும்.

இனி மோட்டார். வீட்டு மிக்ஸி ரிப்பேர் செய்யும் கடையில் 'பிரஷ் தேஞ்சுபோச்சு', 'காயில் போச்சு' என்று சொல்வார்களே, அதே பிரஷ், அதே காயில்தான் இங்கேயும். எக்ஸ்-04ல் நடுவில் சுழலும் ஆர்மேச்சரில் மூன்று சுருள்கள். அவற்றின் முனைகள், தண்டைச் சுற்றி உள்ள மூன்று செம்புத் துண்டுகளில் முடிகின்றன. இதுதான் கம்யூட்டேட்டர், திசைமாற்றி என்பது பாடப்புத்தகப் பெயர். இரு பக்கமும் கார்பன் பிரஷ்கள் அதை அழுத்திக்கொண்டிருக்கும். எக்ஸ்-04ல் இரண்டு பிரஷ்களையும் கொண்டை ஊசி போன்ற ஒரே ஸ்பிரிங்தான் அழுத்துகிறது. அதன் ஒரு காலில் மட்டும் மின்காப்புக் குழாய் மாட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் காய்ந்து உதிர்ந்துவிட்டால் மின்சாரம் ஸ்பிரிங் வழியாகவே குறுக்கே போய்விடும். அரிசி அளவுப் பொருள். அது இல்லாவிட்டால் மொத்த எஞ்சினும் பிணம்.

மூன்று செம்புத் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிகள் உண்டு. தேய்ந்த கார்பன் தூள் அங்கேதான் போய் அடையும். கார்பன் மின்கடத்தி. அதோடு வழிந்த எண்ணெயும் சேர்ந்தால் கறுப்புக் களிம்பாகி, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டுவிடும். சுருளுக்குள் போக வேண்டிய மின்சாரம் பாலத்தின் மேல் போய்விடும். எஞ்சின் சூடாகும், இழுக்காது. பல் குத்தும் குச்சியால் அந்த இடைவெளிகளைக் கிளறிச் சுத்தம் செய்தாலே செத்த மோட்டார்கள் பல எழுந்து உட்கார்ந்துவிடும். குண்டூசி வேண்டாம். செம்பைக் கீறும்.

சுருள் அறுந்திருக்கிறதா என்பதைப் பிரிக்காமலே சொல்ல முடியும். பிரஷ்களைக் கம்யூட்டேட்டரிலிருந்து விலக்கிவிட்டு, செம்புத் துண்டுகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவுகள் கிடைக்கும். மூன்றும் ஒன்றுபோல இருந்தால் சுருள் நலம். இரண்டு ஒன்றுபோல இருந்து மூன்றாவது சரியாக அதைப்போல இரண்டு மடங்கு காட்டினால், அந்த மூன்றாவது ஜோடிக்கு இடையே உள்ள சுருள் அறுந்துவிட்டது. காரணம், மூன்று சுருள்களும் முக்கோணமாக இணைந்தவை. நேர்வழி அறுந்தால் மின்சாரம் மற்ற இரண்டு சுருள் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இப்படி ஒரு சுருள் போன மோட்டார் சில நிலைகளில் நின்றால் கிளம்பவே கிளம்பாது. ஆர்மேச்சரை விரலால் கொஞ்சம் திருப்பி நிலை மாற்றினால் ஓடும். விரல் வைத்தியம் பலிக்கிற இரண்டாவது இடம் இது.

மோட்டாரின் நடத்தையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிதான் வருகிறது. ஒரு மோட்டாரின் சுருள் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் கொடுத்தால் 1.2 ஆம்பியர் ஓட வேண்டும். மோட்டாரைக் கையால் பிடித்து நிறுத்தினால் அவ்வளவு ஓடவும் செய்கிறது. கையை விட்டு ஓடவிட்டால் அம்மீட்டர் 0.3க்கு இறங்கிவிடுகிறது. கம்பி மாறவில்லை, வோல்ட் மாறவில்லை. மீதி மின்சாரம் எங்கே போனது? காந்தத்துக்கு நடுவே சுழல்கிற சுருள் எதுவானாலும் மின்சாரத்தை உண்டாக்கும். யார் சுழற்றினார்கள் என்று அது பார்ப்பதில்லை. ஓடும் மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. அது உண்டாக்குகிற மின்னழுத்தம், நாம் கொடுக்கிற மின்னழுத்தத்துக்கு எதிர்த் திசையில் நிற்கும். இதை எதிர் மின்னியக்கு விசை என்பார்கள். நம் உதாரணத்தில் மோட்டார் தானே 9 வோல்ட் உண்டாக்கி எதிர்க்கிறது. மிச்சம் மூன்று வோல்ட்தான் சுருளின் 10 ஓமை நெருக்கி 0.3 ஆம்பியரை ஓட வைக்கிறது.

மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே பொருள்தான் என்பது 1873ல் வியன்னா கண்காட்சியில் ஊர் அறிய நிரூபணமானது. கிராம் என்பவர் செய்த டைனமோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் அதோடு இன்னொன்றை இணைத்தபோது, இரண்டாவது தானாகச் சுழல ஆரம்பித்தது.

இதனால் ரிப்பேர்காரருக்கு ஒரு பெரிய வசதி. அம்மீட்டர் ஒரு நாடி. பல்லில் தலைமுடி சிக்கினாலும், எண்ணெய் இறுகினாலும், அச்சு வளைந்தாலும் மோட்டாரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் எதிர்ப்பு குறையும். எதிர்ப்பு குறைந்தால் மின்னோட்டம் கூடும். மூடியைத் திறக்காமலே எஞ்சின் உள்ளே எதனோடோ மல்லுக்கட்டுகிறது என்பதை முள் காட்டிவிடும். எண்ணெய் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே வோல்ட்டில் மின்னோட்டத்தை எழுதி வைத்துக்கொள்கிறவருக்கு, தான் செய்தது பலித்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதே கணக்கிலிருந்து ஒரு விநோதமும் பிறக்கிறது. காந்தம் வலுவிழந்தால் மோட்டார் மெதுவாக ஓடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். வெறுமனே சுற்றவிட்டால் அது முன்னைவிட வேகமாகச் சுற்றும். பாதி வலுவுள்ள காந்தத்தில் அதே 9 வோல்ட்டை உண்டாக்க இரண்டு மடங்கு வேகம் தேவை, அவ்வளவுதான். ஆனால் ஒரு பெட்டியை மாட்டினால் படுத்துவிடும், சுருள் கொதிக்கும். 'சும்மா இருக்கும்போது பறக்கிறது, பெட்டி மாட்டினால் நகர மாட்டேன் என்கிறது, பயங்கரமாகச் சுடுகிறது' என்றால் காந்தத்தைச் சந்தேகிக்கலாம். எக்ஸ்-04ல் இருப்பது அல்னிகோ வகைக் காந்தம்; அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த கலவை. இரும்புச் சட்டகத்துக்குள் இருக்கும்வரை அது திடமாக இருக்கும். வெளியே எடுத்தால் தன் காந்தப்புலமே தனக்கு எதிராக வேலை செய்து வலுவைக் குறைத்துவிடும். திரும்ப மாட்டினாலும் பழைய வலு வராது. பளபளவென்று துடைத்து வைக்க ஆசைப்பட்டு முழுக்கப் பிரிக்கிறவர்கள், நல்ல மோட்டாரை இப்படித்தான் நோயாளி ஆக்குகிறார்கள். மறுபடி காந்தமேற்றித் தரும் கருவிகள் உண்டு. இப்போது சின்ன நியோடிமியக் காந்தங்களைச் செருகிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது சந்தேகத்துக்கு, சக்கரமும் அச்சும் இருக்கிற பக்கத்துக்கு, வருவோம். எண்ணெய் எதற்கு என்று கேட்டால் 'வழுக்குவதற்கு' என்போம். எண்ணெய் எப்படிச் சுமை தாங்குகிறது என்பது 1883 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிய வைத்தது ரயில்தான். ரயில் அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வு எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொல்லி, பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் சங்கம் பீச்சம் டவர் என்பவரை அமர்த்தியது. எண்ணெய் விடுவதற்காக அவர் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழல ஆரம்பித்ததும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியே வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மர ஆப்பு வைத்து அடித்தார். அதுவும் வெளியே வந்தது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ அதில் பாதிதான். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகலான இடத்தில் திணித்து, அந்த அழுத்தத்தின் மேலேயே மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886ல் இதற்குக் கணித விளக்கம் எழுதினார்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி 'சுழலும்' என்ற நிபந்தனை. நிற்கும் அச்சுக்கு அடியில் எண்ணெய்ப் படலம் கிடையாது. பிதுங்கி வெளியேறி, உலோகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கிளம்பும்போது அந்தப் பிடியை உடைக்க அதிக விசை வேண்டும். அதுதான் நிலை உராய்வு. உடைந்து ஓட ஆரம்பித்தவுடன் படலம் வருகிறது, உராய்வு சட்டென்று சரிகிறது. கிளப்புவதற்காகக் கூட்டிய மின்சாரம் இப்போது அதிகப்படி, எஞ்சின் துள்ளுகிறது. முதல் வளைவில் தடம் புரண்டதற்கு இதுதான் காரணம். பல வருஷம் கிடந்த எஞ்சினில் பழைய எண்ணெய் பிசினாக மாறியிருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பயங்கரமாக இருக்கும். பிசின் மேல் புது எண்ணெய் விடுவதில் பயனில்லை. முதலில் பழையதைக் கரைத்துத் துடைத்தாக வேண்டும். பிறகு மோட்டாரின் இரு பேரிங்குகளுக்கும் ஒவ்வொரு சொட்டு, அதுவும் ஊசி முனையில் எடுத்த சொட்டு. எக்ஸ்-04ல் அந்த எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளக் கம்பளித் திண்டுகள் இருக்கின்றன. கூடுதலாக விட்டால் எங்கே போகும் என்பதைக் கம்யூட்டேட்டர் பகுதியில் பார்த்துவிட்டோம்.

ஓடுகிறது, ஆனால் நொண்டுகிறது என்றால் அளவுகோலை எடுக்க வேண்டும். ஜின்ட்டியின் சக்கரத்துக்கு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சுற்றுக்கு 57 மில்லிமீட்டர் போகும். மெதுவாக ஓடவிட்டு, தயங்குகிற இடங்களைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். குறிகளுக்கு இடையே 57 மில்லிமீட்டர் வந்தால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று: பல்லில் சிக்கிய நூல், வெடித்த பிளாஸ்டிக் பல்சக்கரம், வளைந்த அச்சு. ஒரே சுற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தயங்கினால் சக்கரங்களை வெளியிலிருந்து இணைக்கும் தண்டுகளைப் பாருங்கள். தயக்கம் தூரத்தைப் பொருட்படுத்தாமல் எப்போதும் மேசையின் அதே இடத்தில் வந்தால் எஞ்சினை விட்டுவிடுங்கள், தண்டவாளம்தான் குற்றவாளி. வார்முக்கு ஒற்றைப் புரி, பல்சக்கரத்துக்கு முப்பது பல் என்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒரு தடவை சுற்ற மோட்டார் முப்பது தடவை சுற்ற வேண்டும். மோட்டாரின் கோளாறு இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வரும். அது நொண்டலாகத் தெரியாது, அதிர்வாகவும் இரைச்சலாகவும்தான் தெரியும். கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கோளாறின் தாளமே சொல்லிவிடுகிறது.

இணைப்புத் தண்டு ஏன் தகராறு செய்கிறது? நீராவி எஞ்சினில் வலப்பக்கத் தண்டும் இடப்பக்கத் தண்டும் கால் சுற்று வித்தியாசத்தில் இருக்கும். ஒரு பக்கத் தண்டு நேர்கோட்டில் வந்து, சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நிற்கும்போது, மறு பக்கத் தண்டு முழு வலுவோடு பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக. மூன்று அச்சுகளிலும் இந்தக் கால் சுற்று ஒரே அளவாக இருந்தாக வேண்டும். ஓர் அச்சில் மட்டும் சக்கரம் கொஞ்சம் திரும்பிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் தண்டு மற்ற அச்சுகளோடு முட்டிக்கொள்ளும்.   மோட்டாரைக் கழற்றிவிட்டு வெறும் சட்டகத்தைச் சாய்ந்த கண்ணாடியில் விட்டால், தடையில்லாமல் உருண்டு இறங்க வேண்டும்.

இன்றைய எஞ்சின்களில் இந்தப் பழைய தகராறுகளில் பலவற்றை எலெக்ட்ரானிக்ஸ் மறைத்துவிடுகிறது. டிசிசி என்ற முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும்; மெல்லிய அழுக்குப் படலத்தை உடைக்க அது உதவுகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் சிறு சுற்று, மோட்டாருக்கு மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகக் கொடுக்கும். துடிப்புகளின் இடைவெளியில் ஒரு கணம் நிறுத்தி, மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அளக்கும். அந்த அளவுதான் வேகம். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் அடுத்த துடிப்பை நீட்டிக்கொள்ளும். ஊர்ந்து போகும் எஞ்சின் துள்ளாததன் சூட்சுமம் அது. இந்த முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக்கியது. அடிப்படை ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனியுடையது. சுழலும் சுருள் தன்னைச் சுழற்றுவதை எதிர்க்கும் என்பதை 1834ல் விதியாக எழுதியவர் பெயரும் லென்ஸ்தான். அவர் வேறு லென்ஸ். அழுக்கில் சில கணம் மின்சாரம் அறுந்தால் தாங்கிக்கொள்ள இப்போது மின்தேக்கியும் வைக்கிறார்கள். ஆனாலும் தண்டவாளத்தைத் துடைக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மருந்து உண்டா என்றால், ஒன்றுக்கு இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மை எஞ்சின்கள் பலவற்றின் சட்டகம் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்ப்பில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு புகுந்து, பல பத்தாண்டுகளில் சட்டகம் உப்பி, வளைந்து, வெடித்து, கடைசியில் விரலால் நசுக்கினால் தூளாகும். 1920களிலேயே காரணம் தெரிந்துவிட்டது. நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929ல் மிகத் தூய துத்தநாகத்தில் புதுக் கலவை கொண்டு வந்தது. ஆனாலும் தொழிற்சாலைகளில் கழிவு ஈயம் உருக்கில் விழுவது உடனே நிற்கவில்லை. அச்சு இறுகி, எண்ணெயும் துடைப்பும் எதற்கும் மசியாமல், சட்டகத்தின் மேல் மெல்லிய வெடிப்புக் கோடுகளும் தெரிந்தால் அங்கே ரிப்பேர் நின்றுவிடுகிறது. மோட்டாரையும் சக்கரங்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு சட்டகம் தேட வேண்டியதுதான்.